சும்மா ஒரு நாள் சென்னை!

சின்னதா ஒரு கேள்வி. கடைசியா நீங்க சென்னைக்கு எதுக்குப் போனீங்க?

இன்டர்வியூ, கவுன்சலிங், சர்டிஃபிகேட்ல இனிஷியல் தப்பு, அக்கா கல்யாண ஜவுளி... 'சும்மாதான் போனேன்'னு சொல்றவங்க மட்டும் கையைத் தூக்குங்க பார்ப்போம். ம்ஹூம்... ரெண்டு கைகூடத் தேறல!

எங்க ஊர்ப் பக்கமும் அதே கதைதான். கிருஷ்ணன்கோவில் தெரியுமில்ல? மதுரையில இருந்து ராஜபாளையம் போற ரோட்டுல, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னாடி. ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, இன்னொரு பக்கம் காலேஜ், நடுவுல புரோட்டாக் கடை. நாலு வருஷ இன்ஜினீயரிங் வாழ்க்கை இந்த மூணுக்கும் நடுவுலயே ஓடிடும். இங்க இருந்து சென்னை ரொம்பத் தூரம். எங்க ஆண்டாள் கோவில் கோபுரம் மட்டும் எங்களுக்கு முன்னாடியே அங்க போயிடுச்சு. தமிழ்நாடு அரசு முத்திரையில இருக்கறது அந்த 192 அடி கோபுரம்தான்னு நாங்க காலரைத் தூக்கிவிட்டுக்குவோம். 'அது எங்க மீனாட்சியம்மன் கோவில் மேற்குக் கோபுரம்'னு மதுரைக்காரங்க சண்டைக்கு வருவாங்க. அந்தப் பஞ்சாயத்து இன்னும் முடியல.

'கோபுரமே போயிருக்கு, நாம ஒரு நாள் சும்மா போயிட்டு வந்தா என்ன?' ஹாஸ்டல் மொட்டை மாடியில ஒரு ராத்திரி இந்த ஐடியா பிறந்துச்சு. அது 2023 பிப்ரவரி. நாங்க அப்போ தேர்டு இயர்.

திட்டம் ரெடி!

மொத்தம் நாலு பேர். பேரைப் போட்டா உதை விழும், அதனால ஊரைப் போடறேன். சிவகாசி, கம்பம், திருவேங்கடம், அப்புறம் ராஜபாளையம். கடைசி ஆள்தான் நான். மத்த மூணு பேரும் ஹாஸ்டல், நான் டே ஸ்காலர்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஸ்ரீவில்லிபுத்தூர்ல பொதிகை எக்ஸ்பிரஸ். சனிக்கிழமை விடியறப்ப எழும்பூர். நேரா மெரினா போய் சூரிய உதயம். பகல் முழுக்க சுத்தல். ராத்திரி அதே பொதிகை, ஞாயித்துக்கிழமை காலையில வீடு. லாட்ஜ் செலவு ஜீரோ! ரெண்டு ராத்திரியும் ரயில்தான் ரூம்.

விருதுநகர் - தென்காசி ரயில் பாதை 1927-ல வந்தது. மீட்டர் கேஜ் போய் அகலப்பாதை வந்தது 2000-களோட ஆரம்பத்துல. இப்பவும் விருதுநகர் வரைக்கும் ஒத்தைத் தண்டவாளம்தான். எதிர்ல வர்ற ரயிலுக்கு வழி விட்டு விட்டுத்தான் போகணும். ரிசர்வேஷன்? வெள்ளிக்கிழமை பொதிகையில ஸ்லீப்பர் கிடைக்கறதும் ஃபைனல் இயர்ல அரியர் இல்லாம இருக்கறதும் ஒண்ணு. முதல் நாள் காலை 11 மணிக்கு தட்கல் ஓப்பன் ஆச்சு, 11.02-க்கு வெயிட்டிங் லிஸ்ட். அப்புறம் என்ன... அன்ரிசர்வ்டுதான்!

எல்லாம் ஓகே. வீட்டுல என்ன சொல்றது? 'மெட்ராஸ்'ங்கற வார்த்தை எங்க வீட்டுல அவ்வளவா புழங்காது. ஏன்னு கடைசியில சொல்றேன். "ஹாஸ்டல்ல தங்கி புராஜெக்ட் முடிக்கணும்மா, ஞாயித்துக்கிழமை வந்துடறேன்"னு சொன்னேன். அம்மாவுக்கு மில்லுல வேலை. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு அப்பத்தான் வந்திருந்தாங்க. கண்ணுல தூக்கம். "சட்டை ஒண்ணு கூட எடுத்துக்கோ"ன்னாங்க. வாசல் வரைக்கும் வந்து, "மெஸ் சாப்பாடு பிடிக்கலைன்னா வெளியில சாப்பிடு"ன்னு இருநூறு ரூபாயைப் பாக்கெட்டுல திணிச்சாங்க.

அந்த ரூபாய் பாக்கெட்டுல கனமாத்தான் இருந்துச்சு. ஆனா ஆசை யாரை விட்டுச்சு?

எந்த ஊருய்யா?

ரயில் ராஜபாளையம் தாண்டித்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் வரும். எங்க ஊர்லயே ஏறியிருந்தா உட்கார இடம் பிடிச்சிருக்கலாம். தெரிஞ்ச மூஞ்சி எதுவும் கண்ணுல படக் கூடாதே... அதனால காலேஜ் முடிஞ்சதும் பசங்களோட பஸ் பிடிச்சு ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷன். சென்னையில இருக்கற சீனியருக்குக் கொடுக்க ஒரு கிலோ பால்கோவாவும் வாங்கியாச்சு. சும்மா இல்ல, 2019-ல புவிசார் குறியீடு வாங்கின பால்கோவாவாக்கும்!

எட்டு மணி வாக்குல வண்டி வந்துச்சு. உள்ள நிக்கவே இடமில்ல. ஜன்னலோரமா இருந்த ஓர் அம்மா தன் பையைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு, "அங்கிட்டுக் கொஞ்சம் நகந்துக்கோங்க, பிள்ளைக உக்காரட்டும்"னு பக்கத்துல இருந்தவங்களை நகர்த்தினாங்க. ரெண்டு பேர் சீட்டுல, ரெண்டு பேர் கீழ. செட்டில் ஆயாச்சு.

"எங்கய்யா போறீக?"

"மெட்ராஸுக்கும்மா"ன்னான் சிவகாசி.

"வேலை விஷயமா?"

"இல்லம்மா, சும்மா."

"சும்மாவா?"

கோபமெல்லாம் இல்ல பாஸ். அப்படியும் போவாங்களான்னு ஓர் ஆச்சரியம், அவ்வளவுதான். சுத்தியும் பார்த்தா அந்தப் பெட்டியில யாருமே சும்மா போற மாதிரி தெரியல. எதிர் சீட்டுல ஒருத்தர் கையில ஸ்கேன் கவர். கதவுப் பக்கம் ரெண்டு அண்ணனுங்க, லீவு முடிஞ்சு சைட் வேலைக்குத் திரும்பறாங்க. இன்னொரு பெரியவர் பட்டா விஷயமா மனு எழுதி, நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சிருந்தார்.

அடுத்து என் பக்கம் திரும்பினாங்க. "நீ எந்த ஊருய்யா?"

எங்க ஊரைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. ராஜபாளையம்னு சொன்னா அடுத்த கேள்வி 'எந்தத் தெரு?', அதுக்கடுத்து 'யாரு மகன்?' மூணே கேள்வியில ஜாதகமே வெளிய வந்துடும். மறுநாள் காலையில அம்மா காதுக்குப் போயிடும்.

"சாத்தூர்மா"ன்னேன். கம்பம் என் காலை மிதிச்சான்.

அந்தம்மா ராஜபாளையம் பக்கத்துல சத்திரப்பட்டி. பையன் சென்னையில ஒரு ஹோட்டல்ல சப்ளையர். பத்து நாளைக்கு முன்னாடி டூ வீலர் விபத்து, வலது கால்ல ஆபரேஷன். இருக்கறது சென்ட்ரல் எதிர்ல இருக்கற அரசுப் பொது மருத்துவமனையில. இத்தனை நாள் தம்பி கூட இருந்து பார்த்திருக்கார். அவருக்கு லீவு முடிஞ்சது, இவங்க கிளம்பிட்டாங்க. "மதுரைக்கு அங்கிட்டு நான் போனதில்லய்யா"ன்னாங்க. வார்டு விவரம் எழுதின துண்டுச் சீட்டை ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு, அந்தக் கவரை மணிபர்ஸ்ல வச்சு, பர்ஸை இடுப்புல செருகியிருந்தாங்க.

மதுரை தாண்டினதும் தூக்குவாளியைத் திறந்தாங்க. தக்காளி சாதம். "பையனுக்குத்தான் கட்டினேன். விடியறதுக்குள்ள ஊசிப்போயிரும், சாப்பிடுங்க"ன்னாங்க. அவ்வளவு சீக்கிரம் ஊசிப்போற வாசனை ஒண்ணும் வரல. ஆனாலும் நாலு தடிமாடுகளும் வழிச்சுச் சாப்பிட்டோம். திருச்சி தாண்டி காவிரிப் பாலத்துல வண்டி தடதடன்னு போனப்ப பெட்டியே தூங்கிட்டிருந்தது. அந்தம்மா மட்டும் ஜன்னல் வழியா இருட்டைப் பார்த்துட்டு இருந்தாங்க.

சூரியன் போச்சே!

எழும்பூர். 1908-ல திறந்த சிவப்புக் கட்டடம். மீட்டர் கேஜ் காலத்துல நம்ம தென் மாவட்டத்து ஆளுங்க எல்லாரும் முதல் முதலா சென்னை மண்ணுல கால் வச்சது இங்கதான். இறங்கினப்ப இன்னும் இருட்டு விலகல. "ஓடுங்கடா, பீச்சுக்கு டைம் இருக்கு"ன்னான் திருவேங்கடம்.

அப்பத்தான் அந்தம்மா அந்தச் சீட்டை எடுத்து நீட்டினாங்க. "இங்க எப்பிடிய்யா போகணும்?"

நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். ஆட்டோ ஏத்தி விட்டுடலாம்னு சிவகாசி கண்ணைக் காட்டினான். தக்காளி சாதம் வயித்துல இருந்துச்சே... யாருக்கும் மனசு வரல. "சூரியன் நாளைக்கும் உதிக்கும்டா"ன்னான் கம்பம். "நாளைக்கு நாம கிருஷ்ணன்கோவில்ல இருப்போமேடா"ன்னான் திருவேங்கடம். சொல்லிக்கிட்டே அவன்தான் அந்தம்மாவோட பையைத் தூக்கினான்.

எழும்பூர்ல இருந்து எலெக்ட்ரிக் ட்ரெயின்ல அடுத்த ஸ்டேஷன் பார்க். ஒரே ஸ்டாப். வெளிய வந்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் சென்ட்ரல், இந்தப் பக்கம் ஆஸ்பத்திரி. கூட ஒருத்தர்தான் வரலாம்னு கேட்டுல சொல்லிட்டாங்க. அப்போ பை என் கையில இருந்துச்சு. அதனால நான் போனேன்.

வார்டுல அந்தப் பையன் எங்க வயசுதான். காலைக் கட்டித் தூக்கி வச்சிருந்தாங்க. அழுவாங்கன்னு நினைச்சேன். அழல. பக்கத்துல உட்கார்ந்து, கட்டோட ஓரத்தை ரெண்டு விரலால தேய்ச்சுப் பார்த்தாங்க. கடையில சேலை எடுக்கறப்ப பார்ப்பாங்களே, அந்த மாதிரி.

"இது நம்ம பக்கத்துத் துணிய்யா"ன்னாங்க.

விஷயம் தெரியாதவங்களுக்குச் சொல்றேன். சத்திரப்பட்டி, ஆஸ்பத்திரிக் கட்டுத்துணிக்குப் பேர்போன ஊர். தெருவுக்குத் தெரு தறிச்சத்தம் கேட்கும். அங்க நெய்யற பேண்டேஜும் காஸும் வெளியூர், வெளிமாநிலம்னு போகும். அந்தம்மாவுக்கும் தறி வேலைதான். "எத்தனையோ ஆயிரம் மீட்டர் ஓட்டியிருப்பேன். இது யாரு காலுக்குப் போகும்னு ஒரு நாளும் நினைச்சுப் பார்த்ததில்ல"ன்னு சொல்லிட்டு, கட்டு மேல கையை வச்சபடியே இருந்தாங்க.

பையன் என்னைப் பார்த்து, "எந்த ஊரு ப்ரோ?"ன்னான்.

"சாத்தூர்." ரெண்டாவது தடவை.

"எதுக்கு வந்தீங்க?"

"சும்மா... பீச் பார்க்க."

சிரிச்சான். "நான் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. ரெண்டே தடவைதான் பீச்சுக்குப் போயிருக்கேன். லீவு கிடைக்காது. எனக்கும் சேர்த்துப் பார்த்துட்டு வாங்க."

பால்கோவா டப்பாவை அவன் கையில கொடுத்தேன். சீனியருக்கு இன்னொரு நாள் வாங்கிக்கலாம். கிளம்பறப்ப அந்தம்மா போன் நம்பர் கேட்டாங்க. "சாயங்காலம் திரும்பி வர்றப்ப தர்றேம்மா"ன்னு சொல்லிட்டேன். பயம்தான் பாஸ். நம்பர் கொடுத்தா நன்றி சொல்லக் கூப்பிடுவாங்க, வீட்டுல அம்மா போனை எடுப்பாங்க, குட்டு உடையும். அந்த நிமிஷம் என் புத்தி இவ்வளவுதான் ஓடுச்சு.

மொட்டை மாடிக் காத்து

அப்புறம் ஊர் சுத்தினோம். அந்தக் கதையைச் சுருக்கமா சொல்றேன், நீங்க போறப்ப உதவும்.

எழும்பூர்ல இருந்து பொடிநடையா போனா பாந்தியன் சாலை. 1851-ல தொடங்கின அரசு அருங்காட்சியகம் அங்கதான். வெள்ளிக்கிழமை லீவு, மறந்துடாதீங்க! சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் இருக்கற கூடத்துல நாலு பேருமே சத்தம் போடாம நின்னோம்னா பார்த்துக்கோங்க. அதே வளாகத்துல 1896-ல திறந்த கன்னிமாரா நூலகம். இந்தியாவுல வெளியாகற ஒவ்வொரு புத்தகத்துலயும் ஒரு பிரதி இங்க வந்தாகணும்னு சட்டமே இருக்கு. "நம்ம கைடு எழுதின நோட்ஸும் இருக்குமா?"ன்னு சிவகாசி தேட ஆரம்பிச்சதால வெளிய இழுத்துட்டு வந்தோம்.

மத்தியானத்துக்கு மேல, பார்க் டவுன்ல பறக்கும் ரயில் ஏறி திருவல்லிக்கேணி. இறங்கி நடந்தா மெரினா. ஐஸ் ஹவுஸ், அதாவது விவேகானந்தர் இல்லம் பக்கம் போய் வந்தோம். 1842-ல கட்டினது. அமெரிக்காவுல இருந்து கப்பல்ல வந்த ஐஸ் கட்டிகளைச் சேமிக்கத்தான் அந்தக் கட்டடமே! உழைப்பாளர் சிலை 1959-ல வச்சது. பாறையைப் புரட்டற அந்த நாலு பேர் மாதிரி நாங்க நாலு பேரும் போஸ் கொடுத்து போட்டோ எடுத்தோம். சிற்பி தேவிபிரசாத் ராய் சௌத்ரி மன்னிப்பாராக!

கடல்ல கால் வச்சிட்டு நிக்கறப்ப போன். அம்மா.

"சாப்பிட்டியாப்பா?"

"சாப்பிட்டேம்மா."

"என்ன இப்பிடிக் காத்து அடிக்குது?"

"ஹாஸ்டல் மொட்டை மாடிம்மா."

அலை வந்து முட்டி வரைக்கும் நனைச்சுது. "சரிப்பா, பனியில நிக்காத"ன்னு வச்சுட்டாங்க.

சுண்டல், பஜ்ஜி, பலூன் சுடறதுன்னு நேரம் போனதே தெரியல. மணி ஏழைத் தாண்டிடுச்சு. எட்டரை மணி வாக்குல பொதிகை. ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூட நேரமில்ல. பறக்கும் ரயில் பார்க் டவுன்ல நின்னப்ப, பக்கத்துல இருந்த அந்தக் கட்டடத்தோட ஜன்னல் வெளிச்சம் தெரிஞ்சுது. "போலாமாடா?"ன்னான் கம்பம். ஓடினாத்தான் வண்டியைப் பிடிக்க முடியும். ஓடினோம்.

மூணாவது ஸ்டேஷன்

ஞாயித்துக்கிழமை காலை. அம்மா ஷிஃப்ட் முடிஞ்சு வந்து டீ போட்டுட்டு இருந்தாங்க. இருநூறு ரூபாயில மிச்சம் எண்பது. அதை அடுப்பு மேடையில வச்சுட்டு எல்லாத்தையும் சொன்னேன். ரயில், சாத்தூர், ஆஸ்பத்திரி, மொட்டை மாடி... எல்லாத்தையும்.

திட்டுவாங்கன்னு காத்திருந்தேன். டீயை ரெண்டு டம்ளர்ல ஊத்தி முடிக்கற வரைக்கும் பேசல. அப்புறம் கேட்டாங்க:

"பெரியாஸ்பத்திரியில இருந்து கடல் எவ்வளவு தூரம்?"

"பறக்கும் ரயில்ல மூணாவது ஸ்டேஷன்மா."

"மூணாவது ஸ்டேஷனா?"

2011-ல நான் மூணாம் கிளாஸ். அப்பாவுக்குக் கிட்னி. அதே ஆஸ்பத்திரியில இருபத்தோரு நாள் அம்மா அப்பாவோட இருந்தாங்க. திரும்பி வந்தப்ப அம்மா மட்டும்தான் வந்தாங்க. "ராத்திரி வராந்தாவுல படுத்திருப்பேன். 'கடல் பக்கத்துலதாம்மா, ஒரு நாள் போயிட்டு வா'ன்னு அங்க இருந்த நர்ஸம்மா சொல்லும். எதுக்குப் போகணும்னு இருந்துட்டேன்"னாங்க. அப்புறம், "பொய் சொல்லிட்டுப் போனது தப்பு. அதை நான் மறக்க மாட்டேன்"னு சொல்லிட்டுக் குளிக்கப் போயிட்டாங்க.

அந்த மே மாசம் ரெண்டு ஸ்லீப்பர் டிக்கெட் எடுத்தேன். எனக்கும் அம்மாவுக்கும். எதுக்குன்னு கேட்டாங்க. சும்மாதான்னேன். இந்தத் தடவை சூரிய உதயத்தைப் பிடிச்சாச்சு. செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் பார்த்துட்டு நின்னாங்க. "வெயில் வருது, போதும் வா"ன்னாங்க. எனக்குச் சப்புன்னு ஆயிடுச்சு. திரும்பறப்ப அவங்களே பார்க் டவுன்ல இறங்கலாம்னு சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்கு எதிர்ல ஒரு கடையில டீ குடிச்சோம். உள்ள போகல. டம்ளரைக் கீழ வைக்கற வரைக்கும் அந்த வாசலையே பார்த்துட்டு இருந்தாங்க. அப்புறம், "சரி, அடுத்து எங்க?"ன்னாங்க. அன்னிக்கு மியூசியத்துல அம்மாவை வெளிய கூட்டிட்டு வர்றதுதான் பெரும்பாடு!

அந்தச் சத்திரப்பட்டி அம்மா? ரெண்டு தடவை சத்திரப்பட்டிக்கே போய்த் தேடிட்டேன் பாஸ். "பேரு என்ன தம்பி?"ன்னாங்க. நான் கேட்கவே இல்லையே. பையன் பேரும் தெரியாது. தெருவெல்லாம் தறிச்சத்தம், யாரைன்னு கேட்கறது? அவங்க என்னைத் தேடியிருந்தாலும் சாத்தூர்லதான் தேடியிருப்பாங்க. அவன் நடக்கறானா, திரும்பச் சென்னைக்கே போயிட்டானா... ஒண்ணும் தெரியல. இப்பவும் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுல சத்திரப்பட்டி பஸ் நின்னா, ஜன்னல் ஜன்னலா ஒரு பார்வை பார்த்துட்டுத்தான் நகர்வேன்.

நீங்களும் கண்டிப்பா ஒரு நாள் போயிட்டு வாங்க. எந்த வேலையும் வச்சுக்காம, சும்மா. 2024 நவம்பர்ல இருந்து 60 நாளைக்கு முன்னாடிதான் ரிசர்வேஷன், அதனால காலண்டரைப் பார்த்து வச்சுக்கோங்க. பை சின்னதா இருக்கட்டும். உங்க வீட்டுல ஆஸ்பத்திரிக்கும் ஆபீஸுக்கும் மட்டுமே சென்னைக்குப் போன ஆள் ஒருத்தர் நிச்சயம் இருப்பாங்க. முடிஞ்சா அவங்களையும் கூட்டிட்டுப் போங்க.

அப்புறம் ஒரே ஒரு விஷயம். ரயில்ல பக்கத்து சீட்டு அம்மா 'எந்த ஊருய்யா?'ன்னு கேட்டா... ஊரைச் சொல்லிடுங்க பாஸ்!